நான் டிக் போட்ட நோட்டு

என் அலமாரியில் ஒரு நோட்டு இருக்கிறது. பழுப்பு அட்டை போட்ட இருநூறு பக்க நீள நோட்டு. ஒரு மனிதரை மிரட்ட வந்தவர்கள், ஒருவேளை கொல்லவே வந்தவர்கள், எங்கே நின்றார்கள், எப்போது வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் நாள்வாரியாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். பக்கத்தின் அடியில் 'குட்' என்று எழுதி ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது.

தென்காசியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அங்கே நிர்வாகத்தில் இருந்தவருக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். இரண்டும் ஒரு நாள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. அடுத்த மாதமே மாடியைப் பிடித்து, வெள்ளைப் பலகை வாங்கி மாட்டிவிட்டேன்.

முதல் மூன்று மாதம் நிகழ்காலம் மட்டும்தான் நடத்துவேன். ஒருவர் செய்தால் வினைச்சொல்லின் வாலில் எஸ் வரும், பலர் செய்தால் வராது. சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் எம்.ஏ. படித்தவர்களுக்கும் நாக்கு அங்கேதான் வழுக்கும். நம் பேச்சில் வினைச்சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. வருதான் என்றால் ஒருத்தன், வருதா என்றால் ஒருத்தி, வருதாவ என்றால் மரியாதைக்குரிய யாரோ. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களிடம் ஒற்றை எஸ்ஸைக் கொடுத்தால் அது கைக்கு அடங்காமல் நழுவுகிறது.

பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுக்காரரைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாரும் 'தே' போட்டுத்தான் எழுதுவார்கள். 'தே கோ டு ஆபீஸ், தே ஈட் இட்லி.' எத்தனை புருஷன் உங்களுக்கு என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். "ஹின்னு போட்டா அவன் வருதான்னு சொல்லுத மாதிரி இருக்கு டீச்சர், மனசு கேக்கல" என்றார் பண்பொழியில் இருந்து வரும் ஒரு அக்கா. இங்கிலீஷில் புருஷனுக்கும் சரி, புருஷனிடம் வேலை பார்ப்பவனுக்கும் சரி, ஒரே ஹிதான் என்றேன். அந்த அக்கா நோட்டில் ஹி என்று எழுதிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

தினமும் பத்து வாக்கியம் எழுதி வர வேண்டும் என்பது என் சட்டம். கைடில் இருக்கும் பசுவும் சூரியனும் எனக்கு வேண்டாம். அவரவர் வீட்டிலும் வாசலிலும் உண்மையாகவே நடப்பதைத்தான் எழுத வேண்டும். பொய் எழுதினால் கிழித்துப் போடுவேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டு பேருடையதைக் கிழித்தும் இருக்கிறேன்.

இருபத்தைந்து நோட்டு, நோட்டுக்குப் பத்து வரி. அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் திருத்தி முடித்துவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. வரியின் முதல் சொல்லில் ஒருவரா பலரா என்று பார்ப்பேன், அடுத்த சொல்லின் வாலைப் பார்ப்பேன், டிக் போடுவேன். அதற்குப் பிறகு அந்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

இன்னொரு பெருமையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி பக்கத்து மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டர். வாரத்துக்கு இரண்டு தடவையாவது வகுப்பில் அதைச் சொல்லிவிடுவேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் பேப்பர் கட்டுகளை என் மாடிப்படியில் அடுக்கி வழியை அடைப்பார், அவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொல்லுவேன். வேறு யார் காதில் எப்படி விழுகிறது என்று நான் யோசிக்கவில்லை.

சாரல் தொடங்கிய வாரத்தில் அண்ணாச்சி வந்தார். அறுபது வயது, நரைத்த முறுக்கு மீசை. நாற்காலியில் சாய மாட்டார்.

"பட்டாளத்துல இருவது வருசம் இருந்தேன் டீச்சர். இந்தி பேசுவேன். இங்கிலீஷும் பேசுவேன், ஆனா எம் பேத்தி சிரிக்கா."

பேத்தி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். வீடியோ காலில் இவர் 'ஹி கோ, ஷி கோ' என்று பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாளாம். பொங்கல் கழிந்து மனைவியோடு மகள் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் அந்த எஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும்.

"பட்டாளத்துல எஸ்ஸுக்கு வேலையே இல்ல டீச்சர். கோன்னா போணும். அம்புட்டுத்தான்."

அவருடைய வீடும் வயலும் குற்றாலம் போகும் சாலையில், இலஞ்சி தாண்டி இருக்கின்றன. சாலையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் நெல். வயலுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, சீசனுக்கு வருகிறவர்கள் தங்குவதற்குக் குடில்கள் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்குச் சாலையில் இருந்து வழி இல்லை. அண்ணாச்சியின் வயல்தான் குறுக்கே கிடந்தது. கேட்டார்கள், இவர் தரமாட்டேன் என்றுவிட்டார். இதை அவரே முதல் வாரத்தில் வகுப்பில் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

முதல் சில நாட்கள் அவர் நோட்டில் மயில் வந்தது, நாற்றைத் தின்றது. மனைவி பால் ஊற்றப் போனார். நாய் மயிலைத் துரத்தியது. எஸ் எல்லாம் கண்டபடி கிடந்தது. சிவப்பில் சுழித்து அனுப்பினேன். பத்தே நாளில் பிடித்துவிட்டார். எங்கள் வகுப்பிலேயே சுத்தமான நோட்டு அவருடையதுதான். நான் அதை உயர்த்திக் காட்டி, "இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்க வெக்கப்படணும்" என்பேன். அவர் எழுந்து நின்று விறைப்பாகத் தலையை ஆட்டுவார்.

ஜூலை நடுவில் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு அவர் மட்டும் நின்றார். சாரல் காற்றில் ஜன்னல் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. நான் கொக்கியை மாட்டப் போராடிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நான் எழுதுததெல்லாம் பாத்துட்டியளா?"

"எல்லாம் பாத்துட்டேன் அண்ணாச்சி. ஒண்ணும் தப்பில்ல."

"எல்லாத்தையும்?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்லா? பாக்காமலா போடுவேன்?"

அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அப்ப சரி" என்றார். படியில் பேப்பர் கட்டுகளைத் தாண்டி இறங்கிப் போனார்.

ஆகஸ்டில் ஒரு தேர்வு வைக்கலாம் என்று நினைத்தேன். கேள்வித்தாளுக்கு ஐம்பது நல்ல வாக்கியங்கள் வேண்டும். அண்ணாச்சியிடம் நோட்டைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, வேறு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். அடுத்த இரண்டு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. மழைக்கும் விடுப்பு எடுக்காதவர். சளிக்காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் காலி வகுப்பில் உட்கார்ந்து லேப்டாப்பில் அடிக்கத் தொடங்கினேன். நோட்டில் நம்பர் போட்டு, இடைவெளி விட்டு, டிக்கோடு இருந்த வரிகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இரண்டு ஆட்கள் பைக்கில் வருகிறார்கள். ஒருவன் டீக்கடையில் நிற்கிறான். ஒருவன் பைக்கிலேயே இருக்கிறான். அவர்கள் டீ குடிப்பதில்லை. என் மனைவி பால் கொண்டு போகிறாள். ஒருவன் மணி பார்க்கிறான். என் மனைவி திரும்பி வருகிறாள். அவன் மறுபடியும் மணி பார்க்கிறான்.

கை நின்றுவிட்டது. எட்டு வரிக்கும் எட்டு டிக். அடியில் 'ஒருமை, பன்மை இரண்டும் அருமை' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

லேப்டாப்பைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டை முதலில் இருந்து படித்தேன். ஒரு வெள்ளைக் கார் என் வயலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது தினமும் நிற்கிறது. ஒரு ஆள் என் கேட்டைப் போட்டோ எடுக்கிறான். அவனுக்கு என் பெயர் தெரியும். எனக்கு அவன் பெயர் தெரியாது. ஒரு ஆள் மடையை அடைக்கிறான். என் வயலுக்குத் தண்ணீர் வருவதில்லை. நான் மடையைத் திறக்கிறேன். அவன் சிரிக்கிறான்.

இன்னும் நான்கு பக்கம் தள்ளி: என் நாய் சாப்பிடுவதில்லை. என் நாய் எழுந்திருப்பதில்லை. என் மனைவி அழுகிறாள்.

இறந்தகாலம் நான் இன்னும் நடத்தவில்லை. செத்த நாயை அவருக்குத் தெரிந்த நிகழ்காலத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான் எழுதியிருந்தேன்: 'நாயைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதலாம்.'

மறுநாள் அவர் எழுதியும் இருந்தார். என் வீட்டில் நாய் இல்லை. ராத்திரி யாரும் குரைப்பதில்லை. இரண்டுக்கும் டிக்.

பாதி பயத்தோடும் பாதி வெட்கத்தோடும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலம் சாலையில் போனேன். நல்ல சீசன். தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். வெளியூர் நம்பர் போட்ட வேன்கள், ரம்புட்டான் கடைகள், டீக்கடைக்கு டீக்கடை நின்றுகொண்டிருக்கும் முகம் தெரியாத ஆண்கள். மற்ற மாதங்களில் அந்தச் சாலையில் ஒரு புது ஆள் நின்றால் நாலு பேர் யாரென்று கேட்பார்கள். சீசனில் யாரும் யாரையும் கேட்பதில்லை. இரண்டு பேர் ஒன்றரை மாதம் ஒரே இடத்தில் நிற்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டு கேட்டை அவர் மனைவி திறந்தார். இரட்டைப் பூட்டு போட்டிருந்தது. "வாங்க டீச்சர், ஒங்களப் பத்திச் சொல்லாத நாளே கெடையாது. எங்க டீச்சர் எங்க டீச்சர்னுட்டே கெடப்பாவ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த அண்ணாச்சி, வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்கு வயலைக் காட்டுவதாகச் சொல்லி வரப்புக்கு அழைத்துப் போனார். கையில் ஒரு கம்பு இருந்தது.

"அவளுக்குத் தெரியாது டீச்சர். நாய் பாம்பு கடிச்சுச் செத்ததுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கு ஏற்கெனவே பிரஷர். ரெண்டு நாளா பயலுவ கேட்டு வரைக்கும் வருதானுவ. அவளத் தனியா விட்டுட்டு எப்படி வர?" என்றார். பிறகு சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டார். "தம்பி எப்ப வருதாவ?"

"எந்தத் தம்பி?"

"ஒங்க தம்பிதான். எஸ்.ஐ. நீங்க சொல்லி அனுப்பிருப்பியள்லா?"

அவரே தொடர்ந்தார்.

"பட்டாளத்துல சென்ட்ரி நோட்டுன்னு ஒண்ணு உண்டு டீச்சர். காவலுக்கு நிக்கவன் பாத்ததையெல்லாம் அதுல எழுதி வைக்கணும். காலைல ஆபீசர் வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாரு. போட்டுட்டார்னா அதுக்கப்புறம் அது அவரு பொறுப்பு. சென்ட்ரி போய்த் தூங்கலாம். தமிழ்ல எழுதுனா அவ படிச்சிருவா. அதான் இங்கிலீஷ்லயே எழுதுனேன். உண்மையா நடக்கதத்தான் எழுதணும்னு நீங்களும் சொல்லிட்டிய. நீங்க கையெழுத்துப் போட்டிய. நானும் தூங்குனேன்."

பொய் சொல்லியிருக்கலாம். தம்பி நாளை வருகிறான் என்று சொல்லி, நாளைக்கே வரவழைத்தும் இருக்கலாம். அந்த மனிதர் கம்பை ஊன்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பொய் வரவில்லை.

"அண்ணாச்சி, நான் எஸ் இருக்கான்னு மட்டுந்தான் பாத்தேன். வேற எதையும் படிக்கல."

அவர் சாலைப் பக்கம் திரும்பினார். எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் ஒருவன் நின்றான், ஒருவன் பைக்கில் இருந்தான். நோட்டில் எழுதியிருந்தபடியே. அண்ணாச்சி அவர்களைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இத்தன நாளும் இது யாருக்குமே தெரியாதா டீச்சர்?"

நான் அழுதுவிட்டேன். நாற்பது வயதில், நடவு முடிந்த வயல் வரப்பில் நின்று விக்கி விக்கி அழுதேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. "அழாதிய, அவனுவ பாக்கானுவ" என்றுதான் சொன்னார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பைக்கில் இருந்தவன் போனை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினான். பிறகு கேட்டுக்கு வெளியே நின்ற என் ஸ்கூட்டரின் பின்பக்கம், நம்பர் பலகைக்கு நேராக நீட்டினான். அண்ணாச்சி சட்டென்று நகர்ந்து எனக்கும் சாலைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

அன்றைக்கே தம்பியை வரவழைத்தேன். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, எங்க ஸ்டேஷன்ல இப்படித் தேதி போட்டு மணி போட்டு எழுத ஆள் கெடையாது. நீ இதுக்கு குட் போட்டிருக்க" என்றான். வேறு திட்டவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

புகார் கொடுத்தோம். அண்ணாச்சியின் மனைவிக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று. நாயை நினைத்துத்தான் அதிகம் அழுதார். அந்த இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாங்கள் குளிக்க வந்தவர்கள், சாலையில் நிற்பது குற்றமா என்று கேட்டார்களாம். இனிமேல் அந்தப் பக்கம் வரமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று குடில் கட்டுகிறவர் சொன்னார்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யாரும் நிற்கவில்லை. அண்ணாச்சி வீட்டில் கேமரா வைத்தார்கள். ஆய்க்குடியில் இருந்து அவருடைய மச்சினர் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்து விட்டார். அண்ணாச்சி மறுபடியும் வகுப்புக்கு வந்தார். புது நோட்டு. மயில் வந்தது, நெல்லைத் தின்றது.

நான் இப்போது குக்கர் விசிலுக்குள் திருத்துவதில்லை. ஒவ்வொரு நோட்டையும் ஒரு தடவை எஸ்ஸுக்காகப் படிக்கிறேன், ஒரு தடவை விஷயத்துக்காகப் படிக்கிறேன். ஒரு பிள்ளை மூன்று நாளாகக் காலையில் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாள், கூப்பிட்டு விசாரித்தேன். பண்பொழி அக்கா வீட்டுக்காரருக்கு இன்னும் தே தான் போடுகிறார். விட்டுவிட்டேன். பக்கத்தின் அடியில் குட் போடும்போது மட்டும் இன்னும் கை தயங்குகிறது.

சாரல் அடங்கி, குற்றாலத்தில் கூட்டம் கலைந்து, துண்டு விற்றவர்களும் கடையை எடுத்துவிட்டார்கள். இப்போது தெருவில் ஒரு புது முகம் நின்றால் தெரியும். ஆனால் நான் தெருவைப் பார்க்கிற பழக்கம் உள்ளவள் இல்லை. வகுப்பு முடிந்தால் பையை மாட்டிக்கொண்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பேப்பர் கட்டுகளைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போகிறவள்.

நேற்று மாலை வகுப்பில் எல்லாரையும் இரண்டு இரண்டு பேராகப் பேசச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த நோட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் நோட்டு மூன்றாவதாக இருந்தது. மயில் வருவதில்லை. நாய்க்குட்டி குரைக்கிறது. நெல் பால் பிடிக்கிறது. என் மனைவி சிரிக்கிறாள். எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது. அப்படியே கீழே போனேன்.

ஏழாவது வரி: ஒரு ஆள் வகுப்புக்கு எதிரே நிற்கிறான். எட்டு: அவன் நான்கு நாளாக நிற்கிறான். ஒன்பது: டீச்சர் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டுகிறார். பத்து: அவன் மணி பார்க்கிறான்.

எட்டாவது வரியில் காலம் தவறு, இங்கிலீஷில் 'நான்கு நாளாக' என்றால் வினைச்சொல்லே மாறும். அது இன்னும் நான் நடத்தாத பாடம். நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி தன் இடத்தில் இல்லை. ஜன்னல் ஓரத்தில், கம்பிக்குப் பின்னால், பட்டாளத்தில் நிற்பதுபோல நின்று கீழே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த வரிக்கும் டிக் போடவில்லை. பக்கத்தின் அடியில் தேதி எழுதினேன். 'பார்த்தேன்' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு போனை எடுத்துத் தம்பியை அழைத்தேன். மணி ஐந்து ஐம்பது.